பகல் கரண்டு

நாமக்கல் சீமையில் லாரியைப் பற்றித் தெரியாதவன் ஒருவன் இருக்கிறான் என்றால், அவன் வெளியூரிலிருந்து வந்தவனாகத்தான் இருப்பான். செல்லமுத்துவுக்கு லாரி மட்டுமல்ல, எல்லாமே தெரியும். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எந்த டோல்கேட்டில் எந்த வரிசை சீக்கிரம் நகரும், எந்தக் கடையில் ஊற்றுவது முதல்நாள் குழம்பு, மழை எந்தக் கிழமை வரும், மரவள்ளிக்கு விலை எப்போது ஏறும் என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். பாதி பலிக்கும். மீதிப் பாதியை ஊர் மறந்துவிடும். வெண்ணந்தூருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்ன ஊரில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். அதைக் கேட்டு அவர் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளூர ஒரு பெருமைதான்.

பத்தொன்பது வருசம் டீசல் டேங்கர் ஓட்டியவர். சர்க்கரை வந்து கண்ணைக் கெடுத்த பிறகு, லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும் ஒரு போர்க்கிணறும் இருந்தன, சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரோட்டைப் பார்த்தே பழகிய மனிதர் வீட்டுக்குள் உட்கார்ந்தால் என்ன ஆவார்? மனைவி சென்னம்மாளின் சமையலில் குற்றம் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள்தான் ஒரு நாள் தமிழரசுவிடம் போய், “இந்த மனுசனுக்கு ஒரு வேலை குடு சாமி, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்று கேட்டது.

தமிழரசு பக்கத்து ஊர்ப் பையன், இன்ஜினியரிங் படித்தவன். துறைமுகத்திலிருந்து காற்றாலைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பல்லடம், தாராபுரம் பக்கம் போகும் பெரிய இழுவை வண்டிகளுக்கு அவன் சூப்பர்வைசர். காற்றாலையின் கோபுரம் ஒரே துண்டாக வராது. மூன்று நாலு இரும்புக் குழாய்களாக வரும். ஒவ்வொன்றையும் படுக்கவைத்தாலே ஒரு வீட்டு உயரம் இருக்கும். ரோட்டின் குறுக்கே போகிற மின்கம்பிகள் அதற்கு வழிவிடாது. அதனால் குழாயின் முதுகில் ஒரு ஆள் ஏறி நின்று, நீளமான காய்ந்த மூங்கில் கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வண்டி முன்னால் ஊரும், அவன் பின்னால் நடப்பான். தரையிலிருந்து பார்த்தால் ஆள் ஒரே இடத்தில் நிற்பது போலவும், கோபுரம் அவன் காலடியில் நழுவிப் போவது போலவும் தெரியும்.

அந்த வேலைதான் செல்லமுத்துவுக்குக் கிடைத்தது. முதல் மாதமே ஊருக்கு வந்து டீக்கடையில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

“இன்னும் இருவது வருசம். டீசலும் கெடையாது, கரியும் கெடையாது. ஒலகம் பூராவும் காத்தும் வெயிலும்தான். தொரைமாரு நாட்டுல கடலுக்குள்ளாறயே காத்தாடி நட்டுட்டானுங்க. நம்ம தமிழரசு தம்பி போன்ல காட்டுச்சு, நான் என்ற கண்ணால பாத்தேன்.”

“பத்தொம்பது வருசம் டீசல் ஓட்டுனது நீதானப்பா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அந்தப் பாவத்துக்குத்தான் இப்பக் கம்பு புடிக்கறேன்” என்றார். கடையே சிரித்தது. விளையாட்டாகச் சொன்னாலும் அதில் கொஞ்சம் நிசம் இருந்தது. மழை தப்பித் தப்பிப் பெய்வதற்கும், ஏரி மூன்று வருசமாகக் காய்ந்து கிடப்பதற்கும், தான் ஓட்டிய டேங்கருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தமிழரசு சொன்னது அவர் மனதில் தைத்திருந்தது.

செல்லமுத்துவுக்கும் சென்னம்மாளுக்கும் பிள்ளை இல்லை. அவருக்கு எட்டு வயது இளையவள் வசந்தாமணி, ஒரே தங்கை. அவளை அதே ஊரிலேயே கதிர்வேலுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அவர்கள் மகள் தனப்பிரியா பாதி நாள் மாமன் வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் மாமன் வீட்டுக்குள் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். சென்னம்மாளும் சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பருப்பு போடுவாள்.

கதிர்வேல் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கரி ஏற்றி அனல் மின் நிலையத்தில் கொட்டுகிற வேலை. காலையில் பல் துலக்கினால் எச்சில் கறுப்பாக வரும். ஆள் நல்லவர், ஆனால் யாரையும் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டுத்தறியில் புது மாடு நிற்கும். இன்னொரு நாள் தென்னை நின்ற இடத்தில் குழி இருக்கும். “ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்னங்க?” என்று வசந்தாமணி இருபத்தைந்து வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரைக் கரியிலிருந்து இழுத்து வந்தது செல்லமுத்துதான். “அந்தக் கெரகத்த உட்டுப்போட்டு வாங்க மாப்ள. நெஞ்சுச்சளி நிக்கவே மாட்டீங்குது. எங்கூட வந்தா நல்ல காத்தாவது கெடைக்கும்” என்றார். தங்கையும் சேர்ந்து நச்சரித்தாள். கடைசியில் கதிர்வேல் வந்தார். கம்பு பிடிப்பதில் எட்டே மாதத்தில் மச்சானை மிஞ்சிவிட்டார். முழங்கால் வலி இருந்த செல்லமுத்து கீழே நின்று வழிசொல்லிக்கொள்ள, கதிர்வேல் மேலே ஏறிக்கொண்டார்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. எந்த ஊர் எல்லைக்குள் போனாலும் அந்த ஊர் ஒயர்மேனுக்குப் போன் போட வேண்டும். அவர் வந்து லைனை நிறுத்தி, கையை ஆட்டிய பிறகுதான் கம்பைத் தூக்க வேண்டும். தமிழரசு இதில் கறார். நூற்றுக்கணக்கான ஊர்களில் செல்லமுத்துவும் கறாராகத்தான் இருந்தார். தெரியாத ஊரில் எல்லாருமே கறார்தான்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை. நெடுஞ்சாலையில் ஒரு பாலத்தை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்ததால், கோபுர வண்டியை உள்ரோடு வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்த உள்ரோடு செல்லமுத்துவின் ஊரைத் தொட்டுக்கொண்டு போவது. இருபத்தாறு நாளாக வீட்டைப் பார்க்காதவர்கள் இரண்டு பேரும். ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று செல்லமுத்து மல்லூரிலேயே சட்டையை மாற்றிக்கொண்டார். இதை நினைத்தால்தான் அவருக்கு இப்போதும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. தோட்டத்து மோட்டார்களுக்கென்று தனியாக இழுத்திருந்த லைன் அங்கே ரோட்டைக் கடக்கிறது. தொய்ந்து கிடந்த கம்பிகளில் ஒன்று குழாயின் விளிம்பிலிருந்த போல்ட்டில் மாட்டிக்கொண்டது. கம்பால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் வரவில்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. முட்டை வேன் ஒன்று, இரண்டு டவுன்பஸ், ஒரு கல்யாணக் கூட்டத்து வேன் எல்லாம் பின்னால் நின்று ஆரன் அடித்தன. தமிழரசு அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க வளைவுக்கு அப்பால் ஓடினான். ஒயர்மேன் சின்னராஜ், “ஒரு டிரான்ஸ்பார்மர்ல நிக்கறேனுங்க, அரை மணி நேரத்துல வந்துர்றேன், அதுவரைக்கும் ஒண்ணும் தொட்டறாதீங்க” என்று போனில் சொல்லியிருந்தார்.

கதிர்வேல் மேலே உட்கார்ந்து கம்பியைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

“மச்சான், இதுல கரண்டு இருக்குதுங்களா?”

யாரையும் எதுவும் கேட்காத மனிதர் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அதனாலோ என்னவோ, அந்த ஒரு தடவை கேட்டார்.

செல்லமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே கால்.

“இது என்ற லைனுங்க மாப்ள. காத்தால ஆறுல இருந்து ஒம்போது, அப்பறம் ராத்திரி பத்து மணிக்கு மேலதான். முப்பது வருசமா இந்த லைன்ல தண்ணி கட்டறேன், எனக்குத் தெரியாதுங்களா? இந்நேரத்துல இது வெறுங்கம்பி. கையில எடுத்து உட்ருங்க.”

“நெசமாத்தானுங்களே?”

“அட, எடுங்க மாப்ள. சின்னராஜு வந்து சேர்றதுக்குள்ள பொளுது போயிரும்.”

ரப்பர் கையுறை தடிமன். அதைப் போட்டுக்கொண்டு போல்ட்டில் சிக்கியதை எடுக்க வராது. கதிர்வேல் கையுறையைக் கழற்றி முழங்காலுக்கடியில் வைத்தார். ஒரு கம்பி இரும்பின்மேல் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவர், குறுக்கே தொங்கிய அடுத்த கம்பியை ஒதுக்கக் கையால் பிடித்தார்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

டிரைவர் பதறிப்போய் இன்ஜினை நிறுத்தினார். அத்தனை நேரம் அந்த இரைச்சலில் கேட்காதது அப்போதுதான் செல்லமுத்துவின் காதில் விழுந்தது. ரோட்டின் இரண்டு பக்கத்துத் தோட்டங்களிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நல்ல வெயிலில், நடு மத்தியானத்தில், பெண்கள் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருபது நாளுக்கு முன்பு நேரத்தை மாற்றியிருந்தார்கள். ஊர் ஊராக வெயிலிலிருந்து கரண்டு எடுக்க ஆரம்பித்த பிறகு பகலில் கரண்டு மிஞ்சுகிறதாம். அதனால் தோட்டத்து லைன்களுக்கு இனிமேல் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். முறையாக அறிவித்து, எல்லார் போனுக்கும் செய்தியும் அனுப்பியிருந்தார்கள். செல்லமுத்துவின் போனுக்கும் வந்திருந்தது. அவர் எந்தச் செய்தியைத் திறந்து பார்த்தார்? அதைவிட, சென்னம்மாள் வாய் வார்த்தையாகவே சொல்லியிருந்தாள். துறைமுக வாசலில் வரிசையில் நின்றபோது போன் செய்து, “இனிமே ராத்திரியில பேட்டரி லைட்டப் புடிச்சுக்கிட்டு பாம்புக்குப் பயந்து தோட்டத்துக்குப் போவ வேண்டியதில்லீங்க, பகல்லயே கரண்டு உடறாங்க” என்று சந்தோசமாகச் சொன்னாள். முப்பது வருசம் நடுச்சாமத்தில் எழுந்து போன பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி! “சரி சரி, அப்பறம் பேசறேன்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

உலகம் கரியை விட்டுவிட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறியே தீர வேண்டும். அதில் சந்தேகம் கிடையாது. அந்த மாற்றத்தை டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்த மனிதருக்கு, அது தன் சொந்த லைனுக்கு வந்து சேர்ந்தது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் கேட்டார்.

“கையில கிளவுஸ் போட்டிருந்தாரா?”

“இல்லீங்க. கழட்டிட்டாரு.”

“லைன நிறுத்தினீங்களா?”

“ஒயர்மேன் வர்றதுக்குள்ள தொட்டுட்டாருங்க.”

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. டிரைவர் முன்னால் இருந்தார், தமிழரசு வளைவுக்கு அப்பால் இருந்தான், கேட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இரண்டு கேள்வி பதிலும் செல்லமுத்து ஒருவரிடம் மட்டுமே மிச்சம் இருந்தது. ‘அனுமதியில்லாமல், கையுறையில்லாமல், தன்னிச்சையாகத் தொட்டதால்’ என்று காகிதத்தில் எழுதினார்கள். செல்லமுத்து கையெழுத்துப் போட்டார்.

சென்னம்மாளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அன்றைக்கே அவர் முகத்தைப் பார்த்து, “நான்தான் போன்ல சொன்னனுங்களே...” என்று ஆரம்பித்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. விடியும்வரை அழுதாள். பிறகு சொன்னாள்: “வசந்தாகிட்டச் சொல்லீராதீங்க. நமக்குன்னு இருக்கறது அவ ஒருத்தி. அந்தப் புள்ள ஒண்ணு. அவளும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நாம ஆருக்கு இருக்கறமுங்க?”

கணவன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிப் புடவை வர வேண்டும். அம்மா அப்பா இல்லாத இடத்தில் அண்ணன்தான் எடுத்துவந்து போட வேண்டும். செல்லமுத்து ராசிபுரத்துக்குப் போய்ப் புடவை எடுத்தார். கடைக்காரர் “விசேசத்துக்குங்களா?” என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். நடு வாசலில் நூறு பேர் பார்க்க அதைத் தங்கையின் தலைமேல் போட்டபோது, அவள் அவர் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“இனி எனக்கு நீங்கதானுங்கண்ணா. உங்கள உட்டா எனக்கு ஆருமில்ல.”

அந்தக் கைகளை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் அவர் நின்றார். அழுதார். ‘கூடப்பொறந்தவனுக்கு எவ்வளவு பாசம் பாரு’ என்று துக்கத்துக்கு வந்த ஒறம்பரைச் சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் கம்பு பிடிக்கப் போகவில்லை. டீக்கடைக்குப் போனாலும் ரேடியோ பேசவில்லை. தங்கை புருசன் போன துக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. தங்கையின் தோட்டத்தையும் சேர்த்து உழுதார், களை எடுக்க ஆள் விட்டார், கிழங்கு பிடுங்கி மில்லுக்கு ஏற்றிவிட்டார். சாயங்காலமானால் அவள் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடிப்பார். உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரமும் வசந்தாமணி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாள்.

“ஆரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டாரா, பாருங்கண்ணா. நீங்க கீழதான நின்னீங்க? ‘மச்சான், தொடட்டுங்களா’ன்னு ஒரு வார்த்தை. கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து இந்தத் திமுருதான். பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சுக்கிட்டு, உசுரோட வெளையாடற மனுசன் உண்டுங்களா?”

துக்கத்துக்குப் பதில் அவளுக்குள் கோபம் வேர்விட்டுவிட்டது. இறந்துபோன புருசனைப் பார்த்து நாள் தவறாமல் திட்டினாள். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். வருசத் திதிக்கு ஐயர் வந்தபோதுகூட அந்தப் படத்தை இறக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். “நம்மள நெனைக்காதவர நாம எதுக்கு நெனைக்கோணும்?” என்றாள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்விட்டு யாரும் பார்க்கவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு செல்லமுத்து ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரகம் என்று தனியாக வேறெங்கும் இல்லை.

பதினாலு மாதம் ஓடியது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நல்ல இடத்தில் தனப்பிரியாவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்தில் அவள் மாமன் வீட்டுக்கு வந்தாள். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மாமா, மண்டபத்துல அப்பா படத்த வெக்கவே கூடாதுங்கறாங்க அம்மா. ‘கேக்காமப் போனவருக்கு எதுக்குப் படம்’ங்கறாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. எங்கப்பா இல்லாமத்தான் நான் தாலி கட்டிக்கோணுமா? படமாவது வேண்டாமா மாமா?”

செல்லமுத்து எழுந்து செருப்பைப் போட்டார். வாசல்வரை பின்னாலேயே வந்த சென்னம்மாள், “வேண்டாமுங்க... ஏனுங்க, உங்கள கும்பிட்டுக் கேட்டுக்கறேன்” என்றாள். அவர் நிற்கவில்லை.

வசந்தாமணி தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“வெயில்ல ஏனுங்கண்ணா வந்தீங்க? மோர் இருக்குது, குடிங்க.”

“வசந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். முழுக்கக் கேட்டுட்டு அப்பறம் பேசு.” அவர் வரப்பில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். “மாப்ள கேட்டாரு. கரண்டு இருக்குதான்னு என்னத்தான் கேட்டாரு. இல்லைன்னு நான்தான் சொன்னேன். கையில எடுங்கன்னு சொன்னதும் நான்தான். நேரம் மாத்துனது எனக்குத் தெரியாது சாமி. தெரிஞ்ச மாதிரி சொல்லிப்போட்டேன்.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “ஆரு கேட்டது?” என்றாள்.

“மாப்ள.”

“அவரு கேட்டாரா?”

“ஆமா.”

“என்னன்னு கேட்டாரு? அவரு சொன்னது மாதிரியே சொல்லுங்க.”

“‘மச்சான், இதுல கரண்டு இருக்குதுங்களா’ன்னாரு. நான் வெறுங்கம்பின்னு சொன்னேன். அப்பவும் ‘நெசமாத்தானுங்களே’ன்னு இன்னொருக்காக் கேட்டாரு. ‘அட, எடுங்க மாப்ள’ன்னேன். அப்பறந்தான் தொட்டாரு.”

“ரெண்டு தரம் கேட்டாரா?”

“ரெண்டு தரம் கேட்டாரு.”

வசந்தாமணி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடை உடைந்து தண்ணீர் அவள் புடவையை நனைத்துக்கொண்டு ஓடியது, அவள் நகரவில்லை. பதினாலு மாதம் வராத அழுகை அப்போது வந்தது. “கேட்டிருக்கறாரே... ரெண்டு தரம் கேட்டிருக்கறாரே... நான் உங்கள என்னென்ன பேசிப்போட்டேன் சாமி” என்று இல்லாத மனிதரைப் பார்த்து அழுதாள். செல்லமுத்து ஓரடி முன்னால் வைத்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அந்தக் கை அப்படியே வெகுநேரம் நின்றது.

அழுது ஓய்ந்து எழுந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள்.

“தெரியாமச் சொன்னதக்கூட நான் மறந்துருவேன். அது உங்க கெரகம், எங்க கெரகம். ஆனா பதினாலு மாசம் நான் அவரத் திட்டறதக் கேட்டுக்கிட்டு என்ற ஊட்டுல உக்காந்து காப்பி குடிச்சீங்க பாருங்க...” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “மண்டபத்துல அவரு படம் இருக்கும். நான் மணவறைக்கு வரக்கூடாது. தாரை வாக்க நீங்களும் அண்ணியுந்தான் நிக்கோணும், வேற ஆளில்ல. அது அவரு நிக்க வேண்டிய எடம். வந்து நின்னு செஞ்சு குடுத்துட்டுப் போங்க. அதோட சரி.”

“வசந்தா...”

“போங்க. என்ற வாயில வேற வார்த்தை வந்துரும், அதுக்குள்ள போயிருங்க.”

கல்யாணம் ஆவணிக் கடைசியில் நடந்தது. மண்டபத்து வாசலில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில், கதிர்வேலின் படம் பெரிதாக இருந்தது. அத்தனை பெரிய ரோஜா மாலையை உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் போட்டதில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் வசந்தாமணி அதைக் காட்டிப் பேசினாள். “கேட்டுட்டுத்தான் தொட்டாருங்க. ரெண்டு தரம் கேட்டாருங்க.” யாரிடம் கேட்டார் என்று அவள் சொல்லவில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அல்லது மகளின் கல்யாணம் என்பதாலும் இருக்கலாம்.

மணவறையில் செல்லமுத்துவும் சென்னம்மாளும் அப்பா அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்கள். தனப்பிரியாவின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தண்ணீர் வார்க்கச் சொன்னார்கள். செல்லமுத்து செம்பைச் சட்டென்று சாய்த்ததில் தண்ணீர் வெளியே சிந்தியது. “மெதுவா மாமா” என்று தனப்பிரியா சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாமன் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள்.

விதவை என்று மணவறைப் பக்கம் வராத வசந்தாமணி, கீழே பந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, “நல்லாச் சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க, இன்னுங் கொஞ்சம் பாயசம் போட்டுக்குங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெரிந்தவர், தெரியாதவர், மண்டபத்து எலக்ட்ரீசியன், வேன் டிரைவர் என்று யாரையும் விடவில்லை. கடைசி வரிசையில் செல்லமுத்து உட்கார்ந்திருந்தார். அவள் அந்த வரிசைக்கு வந்தபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வசந்தாமணி அவருக்கு இந்தப் பக்கத்து இலைக்காரரைக் கேட்டாள். அண்ணன் இலையைத் தாண்டினாள். அந்தப் பக்கத்து இலைக்காரரிடம், “நல்லாச் சாப்புடுங்க” என்றாள்.

செல்லமுத்து இலையில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இலையை மடக்கிவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.